இசையாராய்ச்சி மாநாடுகளும் யாழ்நூலும்

கீழ்க்கடலில் எழும் ஞாயிற்றை முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று திருகோணமலை. இங்கே மலைமீது எழுந்தருளியிருக்கும் கோணேசப் பெருமான்மீது திருஞானசம்பந்தர் பாடியருளிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் புறநீர்மை. பகற்பண்களின் வரிசையில் முதலில் வைத்து எண்ணப்படும் பண் அது. வைகறையில் கடலைப் பார்த்து நிற்கும் கோயிலுக்கு வைகறைப் பண் வாய்த்தது எத்துணைப் பொருத்தம்!

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இப்பதிகத்தைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், புறநீர்மை என்றால் எந்த இராகம்?” என்று வினவினான். ஓதுவார்கள் அதனை இக்காலத்திற் பூபாளத்திற் பாடுவர் என்றேன். அவன் அமரவில்லை. “சம்பந்தர் காலத்திலும் அது பூபாளந்தானா?” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அந்நாளில் மறைத்து வைக்கப்பட்டன எனக் கருதப்படும் செப்புத் திருவுருவங்கள் 1950இல் நிலத்தை அகழ்ந்தபொழுது வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கும் நிகழ்ந்தது. கல்லையும் செம்பையும் மண் காத்துத் தரும்; பண்ணை மண் காவாது. அது பாடுவோர் நாவில் வாழ்வது. நா மாறின் தானும் மாறுவது. அங்ஙனமாயின் பழைய பண்ணை மீட்கும் வழி யாது? ஏட்டை மட்டும் நோக்கின் ஒலி கிடையாது. பாடகர் வாயை மட்டும் நோக்கின் பழமை கிடையாது. ஏடு கற்றோரும், பாடவல்லோரும், கருவி செய்வோரும் ஓரவையிற் கூடி ஒருவரை ஒருவர் சோதித்தல் வேண்டும். அத்தகைய கூட்டமே இசையாராய்ச்சி மாநாடு. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

பழைய அவை

மாநாடு என்னும் பெயர் புதிது, பொருள் பழையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை ஓர் இளநங்கையின் ஆடற் சிறப்பை மட்டும் கூறுவதன்று. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவரும் இன்னின்ன கற்றிருத்தல் வேண்டும் என்று அது வரையறுக்கின்றது. பின்னர் அரங்கின் அளவு கூறுகின்றது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். அதன்பின்னரே மாதவி அரங்கேறுகின்றாள். நூலறிவும் கருவியறிவும் ஆடற்பயிற்சியும் ஒரே மேடையில், அரசன் முன்னிலையில், ஒருங்கே சோதிக்கப்பட்டன என்பது இதனாற் புலனாகும். அங்கே எவரும் தனித்து நின்று தம் துறையே முடிந்த முடிபு என்று கூற இயலாது. குழல் பிழைத்தால் யாழ் காட்டிக்கொடுக்கும். தண்ணுமை பிழைத்தால் ஆடுபவள் கால் காட்டிக்கொடுக்கும்.

திருமுறைகளைத் தொகுத்த வரலாற்றிலும் இக்கருத்தைக் காணலாம். கண்டெடுத்த ஏடுகளில் பாடல் இருந்தது, பண்முறை விளங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் திருவெருக்கத்தம்புலியூரினின்றும் அழைப்பித்துப் பண்ணடைவு வகுத்தனர் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். ஏடு கண்டவர் அரசரும் நம்பியாண்டார் நம்பியும். பண் தந்தவள் பாடுங் குடியிற் பிறந்தவள். இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

தஞ்சையும் பரோடாவும் சென்னையும்

இக்காலத்து இசை மாநாட்டுக்குத் தமிழகத்தில் வித்திட்டவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859இற் பிறந்த இவர் தொழிலாற் சித்த மருத்துவர். மருந்தினால் ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, 1916 வரை அடுத்தடுத்து மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களுக்கும் அறிஞர்களுக்கும் வழிச்செலவும் விருந்தும் தாமே அளித்தார். 1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபொழுது அங்குச் சென்று, ஒரு மண்டிலத்தில் அலகுகள் 22 அல்ல, 24 என்னுந் தம் கொள்கையை உரைத்தார். உரைத்ததோடு நின்றாரல்லர், தம் புதல்வியரைக் கொண்டு அதனைச் செயலிலும் காட்டுவித்தார். அடுத்த ஆண்டிற் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. மாநாட்டு மேடையில் அடிபட்டுத் தேறிய கருத்துகளே அப்பெருநூலாயின.

1927 டிசம்பரிற் சென்னையிற் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது அதனை ஒட்டி ஓர் இசை மாநாடு நிகழ்ந்தது. அதன் பயனாக 1928இற் சென்னைச் சங்கீத வித்வத் சபை தோன்றியது. காலையில் வித்துவான்களும் அறிஞர்களும் இராக இலக்கணத்தை வாதிட்டு ஆராய்தல், மாலையிற் கச்சேரி கேட்டல் என்னும் முறை அங்கே நிலைபெற்றது. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. எம்மொழியிற் பாடுவது என்னும் வழக்கு அந்நாளில் மிகச் சூடாக நடந்தது. ஆயின் நம் வினாவுக்கு நெருங்கிய பணி 1949இல் தொடங்கியது. அவ்வாண்டு முதல் தமிழ் இசைச் சங்கம் ஆண்டுதோறும் பண்ணாராய்ச்சிக் கூட்டம் நடாத்தலாயிற்று. ஓதுவார்கள் பாடிக் காட்டவும், புலவர்கள் இலக்கணம் நோக்கவும், ஒவ்வொரு பண்ணாக எடுத்து ஆராய்ந்தனர். மேடையின் ஒரு பக்கத்தில் மட்டும் உண்மை இருப்பதில்லை என்பதை அறிந்தோர் வகுத்த முறை அது.

விபுலானந்த அடிகளும் யாழ்நூலும்

இவ்வரலாற்றில் நம் கீழ் மாகாணத்துக்கு உரிய இடம் பெரிது. 1892இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். பின்னது வெளிவாரியாகத் தோற்றிப் பெற்ற பட்டம். பகலிற் படிப்பித்து இரவிற் படித்து வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என் போன்றோர்க்கு இச்செய்தி தரும் ஊக்கம் சிறிதன்று. 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபொழுது அதிபராக வந்து, இத்துறைமுக நகரிற் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவருடைய கலையாராய்ச்சியும் ஒரு விழா மேடையிலேயே தொடங்கியது. 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நாடகத் தமிழைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரை விரிந்து 1926இல் மதங்கசூளாமணி என்னும் நூலாயிற்று. செகசிற்பியாரின் நாடகங்களையும் தனஞ்சயனாரின் தசரூபகத்தையும் தமிழ் மரபையும் ஒருங்கு வைத்து நோக்கும் அந்நூல் வெளிவந்த காலத்தில், அடிகள் நம் நகரில் அதிபராய் விளங்கினார் என்பது நாம் பெருமையோடு நினைத்தற்குரியது.

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த காலங்களில் அவர் உள்ளம் யாழிலே படிந்தது. அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனின் தகுதியைக் கூறும் இருபத்தைந்து அடிகளுக்கு விளக்கம் எழுதப் புகுந்தது, யாழ்நூல் என்னும் பேராராய்ச்சியாக வளர்ந்தது. மறைந்துபோன கருவி ஒன்றை, எஞ்சிய சொற்களைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் மீண்டும் உருவாக்க முயன்றமையே அதன் தனிச்சிறப்பு. பண்டிதரின் ஏட்டறிவும் விஞ்ஞானியின் அளவறிவும் ஒருவரிடத்தே கூடின.

அக்கணக்கின் அடிப்படையை நம் ஆய்வுகூடத்துச் சுரமானியிலேயே மாணவர் காணலாம். 60 சென்ரிமீற்றர் நீளமான நரம்பு குரல் என்னும் முதலிசையை ஒலிப்பதாகக் கொள்க. அதே இழுவையில் 30 சென்ரிமீற்றரை ஒலிப்பித்தால் மேல் மண்டிலத்துக் குரல் பிறக்கும். 40 சென்ரிமீற்றரை ஒலிப்பித்தால் ஐந்தாம் நரம்பாகிய இளி பிறக்கும். இளியிலிருந்து மீண்டும் இளி என்று இம்முறையே ஏறிச் சென்றால் ஏனைய இசைகளும் ஒவ்வொன்றாய்த் தோன்றும். பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு மண்டிலம் சரியாக நிறைந்து தொடங்கிய இசையே திரும்ப வரவேண்டும். ஆயின் 524288க்கு 531441 என்னும் விகிதத்தில் சற்றே மிகுந்து நிற்கும். இச்சிறு மிகுதியை எங்கே அடக்குவது என்பதே உலகெங்கும் இசையறிஞர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாதிட்டுவரும் வழக்கு. 22 அலகு, 24 அலகு என்னும் பூசலுக்கும் இதனோடு தொடர்பு உண்டு.

1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஆற்றுவெள்ளத்தில் ஓடக்காரர் இன்றியே ஓடம் சென்று சம்பந்தர் கரையேறினார் என்று தலவரலாறு கூறும் ஊர் அது. நூலில் வகுத்த கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டிக் காட்டினார். ஏட்டிற் கிடந்த சொல் புலவரும் கலைஞரும் கூடிய அவையில் ஒலியாயிற்று. அடிகள் அப்பொழுது உடல் நலிந்திருந்தார். அடுத்த மாதம் 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

குரல் எது?

இவ்வளவில் கட்டுரையை முடித்து அடிகளைப் போற்றி அமையலாம். நம் விழாக்களில் நாம் செய்வது அதுவே. ஆயின் மாணவனின் வினா இன்னும் நிற்கின்றது.

பழந்தமிழிசையை இன்றைய இசையோடு பொருத்துவதற்கு முதலில் ஒன்றை முடிவு செய்தல் வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழனுள் முதலாவதாகிய குரல் இன்று எது? சட்சமம் என்றார் ஆபிரகாம் பண்டிதர். மத்திமம் என்றார் விபுலானந்தர். அடிகள் முடிபுக்கு வலிமை இல்லாமலில்லை. தமிழ் நூல்கள் குரல் முதலாகக் கூறும் மாத்திரைகள் 4, 4, 3, 2, 4, 3, 2. வடநூல்கள் சட்சமம் முதலாகக் கூறும் சுருதிகள் 4, 3, 2, 4, 4, 3, 2. இவ்விரண்டாவது வரிசையை மத்திமத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: 4, 4, 3, 2, 4, 3, 2. எண்கள் அப்படியே ஒன்றிவிடுகின்றன!

எனினும் வழக்கு அத்தோடு முடியவில்லை. பாடகரும் ஆராய்ச்சியாளருமாகிய எஸ். இராமநாதன் 1956இல் வெளிவந்த தம் சிலப்பதிகார இசைநுணுக்க விளக்கத்திற் குரலைச் சட்சமம் என்றே கொண்டார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரும் அப்பக்கமே சார்ந்தனர். குரலை எங்கே வைக்கின்றோமோ அதற்கேற்ப ஏழு பாலைகளும் இடம் மாறும். பாலை மாறினால் அவற்றிற் பிறக்கும் பண்ணும் மாறும். புறநீர்மையும் இதற்கு விலக்கன்று. எனவே, எண்ணின் பெயரால் நடக்கும் இச்சண்டை நம் கோணேசர் சந்நிதியில் விடியற்காலையில் ஒலிக்கவேண்டிய இசை எது என்னும் வழக்கேயாம்.

அடிகள் முடிபைப் பிறர் மறுத்தனர் என்று கூறுவது அவருக்கு இழுக்கு என்று சிலர் எண்ணக்கூடும். யான் அங்ஙனம் எண்ணவில்லை. நூலை அரங்கேற்றுதல் என்பதன் பொருள் யாது? தடைவிடைகளுக்கு உட்படுத்துதல் அன்றோ? வினவுதற்கு அவை இருத்தல் வேண்டும் என்பதனாலேயே புலவர் தம் நூலை அவையில் வைத்தனர். தாம் வகுத்த யாழைச் செய்வித்துப் பலர் முன்னே மீட்டச் செய்தவர், மறுப்புக்கு அஞ்சியவர் அல்லர். யாழ்நூலைப் பூசை அறையில் வைப்பதினும் ஆய்வுகூடத்து மேசையில் வைப்பதே அவருக்கு நாம் செய்யும் வழிபாடு.

ஒலியும் காகிதமும்

பிறநாட்டு வரலாறு ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 1932இல் எகிப்து மன்னர் புவாதின் ஆதரவில் கெய்ரோ நகரில் அரபு இசை மாநாடு கூடியது. பார்ட்டோக், ஹிண்டெமித் முதலிய ஐரோப்பிய இசைமேதைகளும் அதிற் பங்குபற்றினர். மண்டிலத்தை 24 சமபங்காகப் பிரிக்கலாமா என்று அங்கும் பெருவாதம் நிகழ்ந்தது. ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. ஆயின் அம்மாநாட்டிற் பல நாட்டு இசைக் குழுக்களின் பாடல்கள் ஒலித்தட்டுகளிற் பதியப்பட்டன. வாதிட்டோர் மறைந்தனர், தீர்மானங்களைப் பலர் மறந்தனர், ஒலித்தட்டுகளை இன்றும் ஆராய்ச்சியாளர் தேடிக் கேட்கின்றனர். முடிவுகள் பிழைக்கலாம்; பதிவுகள் பின்வருவோர்க்குச் சான்றாகும். யாழ்நூல் அரங்கேறிய அதே 1947இன் செப்டம்பரில் இலண்டனில் உலக நாட்டார் இசைக் கழகம் தோன்றியது. அதன் மாநாடுகளும் ஏடும் ஒலியும் சேர்ந்து செல்லவேண்டும் என்னும் கொள்கையை உலகிற் பரப்பின.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு தோன்றாமலில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவை வழிநடத்திய காலத்தில் ஊர்தோறும் சென்று கூத்து அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார். கூத்து நூல்களைப் பதிப்பித்தார். பேராதனை மாணவரைக் கொண்டு இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கும் அவரே முன்னின்றார். மட்டக்களப்பில் 1982இல் விபுலானந்தர் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ளது. ஆய்வு மாநாடுகளுக்குக் குறைவில்லை.

நம் கடமை

குறை வேறோரிடத்தில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் கலைபற்றிய ஓர் ஆய்வரங்குக்குச் சென்றிருந்தேன். கூத்தின் தாளக்கட்டைப் பற்றி ஒருவர் கட்டுரை படித்தார். பதினைந்து நிமிடத்தில் மணி அடிக்கப்பட்டது; அடுத்தவர் எழுந்தார். கூத்தாடியே முதுமையெய்திய அண்ணாவியார் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். காலையிற் பொன்னாடை போர்த்திய பின் அவரை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தேநீர் வேளையில் வெளியே வந்தபொழுது அவர் கதிரையின் கையில் விரலால் தட்டிக்காட்டி, “தம்பி, அந்தப் பிள்ளை படித்த கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஆடப் போனால் கால் வராது” என்றார். அவர் தட்டிய தாளம் எந்தக் கட்டுரைத் தொகுதியிலும் அச்சாகவில்லை. அவரும் இன்று இல்லை. யானும் அன்று அதனைப் பதிந்துகொள்ளவில்லை. கையிலே தொலைபேசி இருந்தது, அறிவுதான் இருக்கவில்லை.

ஆதலால் பழியைப் பிறர்மேற் சுமத்த எனக்கு உரிமையில்லை. செய்யக்கூடியதைக் கூறுதலே முறை. ஆராய்ச்சி மாநாடு என்றால் பெரு நகரமும் பெரும் பொருளும் வேண்டும் என்பதில்லை. ஒரு பாடசாலை மண்டபமும், ஒரு சுரமானியும், ஒலி பதியும் ஒரு கருவியும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும். நம் மாவட்டத்துக் கோயில்களில் திருமுறை ஓதுவோர் உளர். நாதசுரமும் தவிலும் வாசிப்போர் உளர். கீழ்க்கரைக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்தியின்போது வழக்குரை பாடும் முதியோர் உளர். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஓரவையில் அமர்த்தி, முதலிற் பாடச் செய்து, பிறகு கட்டுரை படிப்போமாக. படித்த கட்டுரையை அவர்களே கேள்வி கேட்கட்டும். பாடியவை யாவும் பாடியவர் பெயரோடும் நாளோடும் பதியப்பட்டுக் கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கு அளிக்கும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

மாணவர்காள்! நீவிர் மனனம் செய்யும் பதிகத்தின்மேல் எழுதியிருக்கும் பண்ணின் பெயரைப் படித்துவிட்டு மேலே செல்லாதீர். அது இன்னும் தீராத ஒரு வழக்கின் பெயர். ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளையும், விபுலானந்த அடிகள் தம் இறுதி ஆண்டுகளையும் அவ்வழக்குக்கு அளித்தனர். அவர்கள் கூறிய விடைகளுள் சில நில்லாமற் போகலாம். அவர்கள் கூட்டிய அவை நிற்கும்.

வினவிய அந்த மாணவன் இன்று வளர்ந்து வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கின்றான். “சம்பந்தர் காலத்திலும் அது பூபாளந்தானா?” என்ற வினாவுக்கு என்னிடம் இன்றும் ஒரு சொல்லில் விடை இல்லை. ஆயின் அவன் மீண்டும் வந்து கேட்பானாயின், “வா, ஓதுவாரையும் அழைப்போம், சுரமானியையும் எடுத்து வைப்போம், மூவருமாக இருந்து கேட்போம்” என்று கூறுவேன். அம்மூவர் கூடுவதும் ஒரு மாநாடே.